வெளிநாடு செல்லும் விவசாயிகளே, கைபேசிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் பசுமைக்குடில் அமைத்து ரோஜா, ஜெர்பரா, குடைமிளகாய் பயிரிடும் விவசாயிகள் வெளிநாடு சென்று வருவது இப்போது புதிய செய்தி அல்ல. ஹாலந்து நாட்டு ஆல்ஸ்மீர் மலர் ஏலத்தைப் பார்க்கச் செல்கிறார்கள். ஜெர்மனியில் எஸ்ஸன் நகர மலர்க் கண்காட்சிக்குச் செல்கிறார்கள். கிருஷ்ணகிரி மாங்கூழுக்கு வாங்குவோரைத் தேடி வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களும் உண்டு. 2025-26ஆம் ஆண்டுத் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையிலும், முன்னோடி உழவர்கள் 100 பேரை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அழைத்துச் செல்வதாக அறிவிக்கப்பட்டது.

பாஸ்போர்ட், விசா, கம்பளிச் சட்டை எல்லாம் ஒரு மாதம் முன்பே தயாராகிவிடும். கைபேசியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. தேவனஹள்ளி விமான நிலையத்தில் உட்கார்ந்துதான் "அங்கே நெட்டுக்கு என்ன செய்வது?" என்ற கேள்வி வரும். அவசரத்தில் எடுக்கும் முடிவு, திரும்பி வந்த பிறகு பில்லாக வந்து நிற்கும். ஆகவே இதையும் விதை வாங்குவது போல முன்கூட்டியே விசாரித்து முடிவு செய்வது நல்லது.

எல்லையில் நாம் பார்த்த ரோமிங்

ரோமிங் என்றால் என்ன என்று நம் எல்லைப்புற விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாகலூர், பேரிகை, தளி பக்கம் கைபேசிக்கு ஒரு நேரம் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும். ஒரு நேரம் கர்நாடக டவர் கிடைக்கும். வேப்பனப்பள்ளி பக்கம் ஆந்திர டவரும் சேர்ந்துகொள்ளும். சொந்தக் கிணற்று மேட்டில் நின்று பேசினாலும் வெளிமாநில டவர் பிடித்தால் ரோமிங் கட்டணம் விழுந்த காலம் ஒன்று இருந்தது. 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் ஏர்டெல் நிறுவனமும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டது. அத்துடன் மாநில எல்லைத் தொல்லை தீர்ந்தது.

நாட்டு எல்லையைத் தாண்டினால் இன்றும் அந்தப் பழைய கணக்குதான். அங்கே நம் கைபேசி வெளிநாட்டுக் கம்பெனியின் டவரில் விருந்தாளி. அந்தக் கம்பெனி நம் கம்பெனியிடம் கூலி கேட்கும். நம் கம்பெனி அதை நம்மிடம் வசூலிக்கும். சலுகைத் திட்டம் எதுவும் போடாமல் டேட்டாவைத் திறந்து வைத்தால் எம்.பி. கணக்கில் காசு ஓடும். ஒரு எம்.பி.க்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு ஜி.பி.க்கு, அதாவது 1,024 எம்.பி.க்கு, 5,120 ரூபாய் ஆகிறது.

மூன்று வழிகள்

முதல் வழி: நம் ஊர் சிம்மிலேயே ரோமிங் சலுகை போட்டுக்கொள்வது. எண் மாறாது. விமானம் இறங்கியதும் வேலை செய்யும். வங்கிக் குறுஞ்செய்தி வரும். விலை சற்றுக் கூடுதல் என்பதே குறை. சலுகை எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஹாலந்துக்குப் போட்ட சலுகை, வழியில் இறங்கி மாறும் துபாயிலோ தோஹாவிலோ செல்லாமல் போகலாம். ஒரு நாள் என்பது நம் ஊர் நள்ளிரவு வரையா, 24 மணி நேரமா என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது வழி: போகும் நாட்டில் சிம் வாங்குவது. டேட்டா தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பல நாடுகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் இது கட்டாயம். விமான நிலையக் கடையை விட ஊருக்குள் இருக்கும் கடையில் பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். ஆனால் கடைக்குப் போய்ச் சேரும் வரை தொடர்பு இருக்காது.

மூன்றாவது வழி: இ-சிம். இதில் கையில் பிடிக்கும் சிம் அட்டை கிடையாது. வீட்டிலிருந்தே பணம் கட்டி, வரும் கட்டப் படத்தை ஸ்கேன் செய்தால் கைபேசிக்குள் ஏறிவிடும். பயணிகளுக்கு விற்கும் இ-சிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் உண்டு. பேசுவதற்கு எண் கிடையாது. உங்கள் கைபேசி இதற்கு ஏற்றதா என்று பார்க்க *#06# என்று அழுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு இ.ஐ.டி. என்றும் ஓர் எண் வந்தால் ஏற்றது என்று அறியலாம். ஏற்றுவதற்கு இணையம் தேவை. ஆகவே புறப்படும் முன் வீட்டில் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும்.

எவ்வளவு டேட்டா தேவை?

ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் என்று கணக்கிட்டு வாங்குகிறோம். டேட்டாவையும் அப்படியே வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்.பி. செலவாகும். முகம் பார்த்துப் பேசினால் நிமிடத்துக்கு 5 எம்.பி.யும் அதற்கு மேலும் ஆகும். நாளொன்றுக்கு 20 நிமிடம் குரல் பேச்சு, 5 நிமிடம் முகம் பார்த்த பேச்சு, பத்து இருபது படங்கள், சிறிது வழி காட்டும் வரைபடம் என்று வைத்தால் 100 எம்.பி. போதும். பத்து நாளுக்கு ஒரு ஜி.பி.; தாராளமாக வைத்தால் இரண்டு. சினிமா, யூடியூப் எல்லாம் தங்கும் விடுதியின் வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம். நாளுக்கு 2 ஜி.பி. தரும் பெரிய சலுகையைப் போட்டுவிட்டு மீதியை வீணாக விடுவதும் நஷ்டமே.

விலையை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பாருங்கள். உதாரணமாக, எட்டு நாள் பயணத்துக்கு நம் கம்பெனி சலுகை 3,000 ரூபாய், அங்கே சிம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போகிறவருக்கு மிச்சம் 1,000 ரூபாய். கடை தேடும் அலைச்சலையும் மொழிச் சிரமத்தையும் பார்த்தால் ரோமிங் சலுகையே மேல் என்று தோன்றலாம். நான்கு பேர் ஒன்றாகப் போனால் கணக்கு மாறுகிறது. ஒருவர் சிம் வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டால் மற்ற மூவரும் அதில் சேர்ந்துகொள்ளலாம். ஆளுக்கு 500 ரூபாயில் முடிந்துவிடும். வாங்கும் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்வதும், குழுவாகச் சேர்ந்தே நடமாடுவதும் அவசியம்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

ஐரோப்பா: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணம் இல்லை. ஹாலந்தில் வாங்கிய சிம்மை ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்து அதில் சேராது. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சீனா: அங்கே வாட்ஸ்அப், கூகுள் ஆகியவை தடை செய்யப்பட்டவை. உள்ளூர் சிம் வாங்கினால் இவை திறக்காது. நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் போகும் டேட்டா பொதுவாக நம் கம்பெனி வழியாகவே சுற்றி வருவதால் இவை வேலை செய்யும். விலை கூடினாலும் சீனாவுக்கு ரோமிங் சலுகையே ஏற்றது.

ஐக்கிய அரபு நாடுகள்: துபாய், அபுதாபியில் உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், வாட்ஸ்அப்பில் பேசுவது நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு வருகிறது. வீட்டாரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனால், போன் வரவில்லையே என்று பயப்பட மாட்டார்கள்.

ஜப்பான்: பயணிகளுக்கு விற்கும் சிம் பலவற்றில் டேட்டா மட்டுமே உண்டு. எண் வேண்டுமானால் கேட்டு வாங்க வேண்டும்.

வங்கிக் குறுஞ்செய்தி தவறக் கூடாது

நம் சிம்மைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உள்ளூர் சிம்மைப் போடுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. கிடைக்காது. பயிர்க் கடன் தவணை, உரக் கடைக்குப் பணம், கூலி எல்லாம் கைபேசி வழியே போகிற காலம் இது. இரண்டு சிம் போடும் கைபேசி இருந்தால் நம் சிம் ஒன்றில் இருக்கட்டும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, மற்றொன்றில் உள்ளூர் சிம்மையோ இ-சிம்மையோ போடுங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. இதற்கு நம் சிம்மில் சர்வதேச ரோமிங் வசதி இந்தியாவிலேயே திறக்கப்பட்டிருக்க வேண்டும். ரீசார்ஜ் காலமும் திரும்பும் நாள் வரை இருக்க வேண்டும்.

புதிய சிம் போட்டதும் "எண்ணை மாற்றவா?" என்று வாட்ஸ்அப் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது ஓடும்.

மோட்டாரையும் கேமராவையும் மறக்காதீர்கள்

நம் தோட்டங்களில் சிம் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர் பரவிவிட்டது. அது பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால்தான் கேட்கும். வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைத்தால் மோட்டார் ஓடாது. எஸ்ஸன் கண்காட்சி ஜனவரி கடைசியில் நடக்கிறது. காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா விமானம் ஏறுவதும் அதே சமயம்தான். பூ வெட்டும் அந்த வாரத்தில் சொட்டுநீர் நின்றுபோனால் ஆண்டின் நல்ல விலையே கைநழுவும். ஆகவே புறப்படும் முன் மனைவி, மகன் அல்லது நம்பிக்கையான ஆளின் எண்ணையும் ஸ்டார்ட்டரில் பதிவு செய்து, இயக்கிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

பசுமைக்குடிலில் கேமரா வைத்திருப்போர் அதை வெளிநாட்டிலிருந்து மணிக்கணக்கில் பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் பல நூறு எம்.பி. போய்விடும். வீட்டாரை நான்கு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இலை நிறம், மொட்டின் நிலை எல்லாம் தெரிந்துவிடும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. போகும் ஊர்களின் வரைபடத்தையும், மொழிபெயர்ப்பு வசதியையும் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளவும்.

2. வாட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தவும். செயலிகள் தானே புதுப்பித்துக்கொள்வதையும், படங்கள் தானே மேலே ஏறுவதையும் நிறுத்தவும். கேட்காமல் டேட்டாவைத் தின்பவை இவைதாம்.

3. விமானத்தில் ஏறியதும் விமானப் பயன்முறையில் போடவும். ஆகாயத்தில் கிடைக்கும் தொடர்புக்குக் கட்டணம் தனி, மிக அதிகம்.

4. சலுகை விவரத்தைக் கம்பெனியின் செயலியிலோ அலுவலகத்திலோ அன்றைய விலையில் கேட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

5. விமான நிலையம், விடுதி ஆகியவற்றின் பொது வைஃபையில் வங்கி வேலை செய்ய வேண்டாம். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

6. முக்கியமான எண்களையும் விடுதி முகவரியையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைக்கவும். கைபேசி தொலைந்தாலும் தாள் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், நான்கைந்து நாள் தனியே போகிறவருக்கு ரோமிங் சலுகை. பத்து நாளுக்கு மேல் தங்குவோருக்கும் குழுவாகப் போவோருக்கும் உள்ளூர் சிம் அல்லது இ-சிம். உடன் நம் சிம் டேட்டா இல்லாமல். சீனாவுக்கு ரோமிங் மட்டும். எதை எடுத்தாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடவுக்கு முன் வயலைத் தயார் செய்வது போலத்தான் இதுவும்.