மாட்யூலுக்குத்தான் சான்று, பொருளுக்கு அல்ல

வைஃபை ஸ்விட்ச், தண்ணீர்த் தொட்டி சென்சார், மோட்டார் கன்ட்ரோலர் போன்றவற்றைத் திறந்தால், பல சமயம் போர்டின் ஓரத்தில் சின்னத் தகர மூடி போட்ட ஒரு ரேடியோ மாட்யூல் தெரியும். எஸ்பிரெஸிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி32 மாட்யூல் இதற்கு நல்ல உதாரணம். அதன் பிரபலமான வடிவம் 18 மி.மீ. அகலம், 25.5 மி.மீ. நீளம். மூடிக்கு வெளியே நெளிநெளியாக ஓடும் செப்புக் கோடுதான் ஆன்டெனா. மூடியின் மேல் பொடி எழுத்தில், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. தந்த ஒப்புதல் எண் இருக்கும். அதைப் பார்த்ததும், ரேடியோ சோதனைத் தொல்லை விட்டது என்று சிறு தயாரிப்பாளர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம். மாட்யூல் எந்த நிலையில் சோதிக்கப்பட்டதோ அந்த நிலைக்குத்தான் அந்த எண். நிலையை மாற்றினால் சான்று கூடவே வராது.

இது அதிகாரிகளின் வறட்டுப் பிடிவாதம் அல்ல என்பது விதியைப் படித்தாலே தெரியும். 2000-ல் ஓர் அறிவிப்பாக வந்து, 2007-ல் எஃப்.சி.சி.யின் 15.212 என்ற முறையான விதியானது இந்த மாட்யூல் ஒப்புதல். மாட்யூலுக்குத் தன் சொந்தத் தகர மறைப்பு வேண்டும். உள்ளே வரும் மின்சாரத்தைத் தானே சீராக்கிக்கொள்ள வேண்டும். வேறு எந்தப் பொருளுக்குள்ளும் வைக்காமல் தனியாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே போய் உட்கார்ந்தாலும் அதன் நடத்தை மாறக்கூடாது என்பதுதான் இவற்றின் நோக்கம். ஆனால் ஆன்டெனா விஷயத்தில் மாட்யூல் நிறுவனத்தின் கை ஓரளவுக்குத்தான் நீளும். செப்புக் கோட்டைச் சுற்றி 15 மி.மீ. இடம் விடச் சொல்கிறது எஸ்பிரெஸிஃப். அங்கே பேட்டரியையோ உலோகப் பெட்டியையோ கொண்டுபோய் வைப்பது நம் வேலை. சான்றில் இல்லாத வகை ஆன்டெனாவையோ, கூடுதல் கெயின் உள்ளதையோ மாட்டினால் பழைய ஒப்புதல் செல்லாது. மனித உடலிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் பெற்ற மாட்யூலை மணிக்கட்டுப் பட்டையில் வைத்தால், புதிய மதிப்பீடு இல்லாமல் விற்க முடியாது. இதற்கெல்லாம் மேலாக, நாம் சேர்க்கும் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை, பிராசசர், நீள வயர்கள் கிளப்பும் இரைச்சலுக்கு முழுப் பொருளையும் தனியாகச் சோதித்தாக வேண்டும். அந்த இரைச்சலுக்கு மாட்யூலின் எண் ஜாமீன் நிற்காது.

சில மில்லிவாட் சக்தி யாரை என்ன செய்துவிடும் என்ற கேள்வி எழும். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் விமான நிலையத்துக்கு அருகே திடீர்க் காற்று மாற்றத்தைக் கண்டறியும் வானிலை ரேடார் 5.6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகிறது. அதன் படத்தில் குறுக்கீடு விழுந்ததை 2009-ல் அமெரிக்க அரசுப் பொறியாளர்கள் நேரில் போய் ஆராய்ந்தார்கள். காரணம், உரிமம் தேவையில்லாத 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் சாதனங்கள். ரேடாரைக் கண்டால் ஒதுங்கிப்போக வேண்டியவை ஒதுங்கவில்லை. சான்று பெற்றபோது இருந்த அமைப்பு களத்தில் மாற்றப்பட்டதும் இத்தகைய குறுக்கீடுகளுக்கு ஒரு காரணமாகப் பின்னர் பேசப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சிறிய சக்திதான். விமானம் இறங்கும் பாதையில் அந்தச் சமாதானம் எடுபடாது.

செலவு பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. சிறு நிறுவனத்தால் லேப் கட்டணம் கட்டி மாளாது என்பது உண்மைதான். ஆனால் மாட்யூல் ஒப்புதல் பிறந்ததே அவர்களுக்காகத்தானே? செலவு மிகுந்த டிரான்ஸ்மிட்டர் சோதனையை மாட்யூல் நிறுவனம் ஏற்றுக்கொண்டு, அதைப் பல வாடிக்கையாளர்களிடையே பிரித்துவிடுகிறது. மிச்சமிருப்பது நம் பொருளின் இரைச்சல் சோதனை. கூடவே, ‘இதனுள் இன்ன எண் கொண்ட மாட்யூல் உள்ளது’ என்று வெளியே தெரியும்படி ஒரு லேபிள். எந்த ஆன்டெனா, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் எஃப்.சி.சி. தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் ஒப்புதல் ஆவணத்திலேயே கிடைக்கும். அதைப் படிக்கக் காசு கேட்பதில்லை. டிசைன் முடிந்து பெட்டிக்கு அச்சு வார்த்த பிறகு படிப்பதால்தான் செலவு எகிறுகிறது.

இந்தியாவுக்கு வரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. இங்கே தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. ஒப்புதல்தான் கணக்கு, எஃப்.சி.சி. எண் அதற்கு ஈடாகாது. வெறும் காகித வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் உரிமமின்றிப் பயன்படும் 902–928 மெகாஹெர்ட்ஸில் ஒரு பகுதி, இங்கே செல்பேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் 890–915 அலைவரிசையோடு மோதுகிறது. லோரா போன்ற குறைந்த சக்தி ரேடியோக்களுக்கு நம் நாட்டில் உரிம விலக்கு உள்ள இடம் 865–868. ஃபர்ம்வேரில் 915-ஐ 866 ஆக்கினால் போதாதா என்பார்கள். அலைவரிசை மாறும், அதோடு வந்த ஆன்டெனா மாறாது. போர்டில் உள்ள மேட்சிங் சர்க்யூட்டும் ஃபில்டரும் 915-க்கு என்றே அமைந்தவை. ஆக, அங்கே எடுத்த அளவீடுகளைக் காட்டி இங்கே வாதாட முடியாது. 866-க்கென்று செய்த பதிப்பையே, அதன் சோதனை அறிக்கையோடு கேட்டு வாங்குவதுதான் கடைசியில் மலிவாக முடியும்.