காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகள்: ஒரு பகலில் நடந்து காணத்தக்க தொழிலிடங்கள்

காஞ்சிபுரம் செல்லும் கிராமத்தாரிற் பெரும்பாலோர் ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் வரதராஜப் பெருமாளையும் தரிசித்துக்கொண்டு, காந்தி சாலையில் ஏதேனும் ஒரு கடையில் கல்யாணத்திற்கு வேண்டிய புடவையை எடுத்து, மாலை வண்டிக்கே ஊர் திரும்பிவிடுவது வழக்கம். விலை அதிகமென்று வழியெல்லாம் பேசிக்கொள்வதும் உண்டு. அவ்விலை எத்தனை கைகளுக்குப் பங்காகிறது என்பதைக் கண்ணால் கண்டுவர ஒரு பகற்பொழுதே போதும். தொழில் நடக்கும் இடங்கள் பெரும்பாலும் குறுகிய தெருக்களிலுள்ள குடியிருப்பு வீடுகளாகையால், நடந்து செல்வதே ஏற்றது. கூட்டுறவு சங்கத்தின் அங்கத்தினராயிருப்பவர்க்கு இந்நடையில் மற்றொரு பிரயோஜனமும் உண்டு. கைமுதல் இல்லாத தொழிலாளிக்குச் சங்கம் எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் இன்னும் கைகொடுக்கவில்லை என்பது அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

பொழுது விடியுமுன் பிள்ளையார்பாளையம் சேர்ந்துவிட வேண்டும். நகரின் மேற்புறத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழிக்கு அண்மையில் உள்ள நெசவாளர் பகுதி இது. வெயில் ஏறுவதற்குள் முடியவேண்டிய வேலை ஒன்று இங்கே தெருவிலேயே நடைபெறுகிறது. நீளமான பட்டுப் பாவைத் தெருவின் நெடுகிலும் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, இழையோடு இழை ஒட்டாதபடி விலக்கிவிடுகிறார்கள். ஒரு வீட்டுப் பாவுக்கு அண்டை வீட்டாரும் வந்து கைகொடுப்பர். மூன்று புடவைக்கான பாவு ஒருங்கே ஏற்றப்படுவது வழக்கம். அதில் நாலாயிரம், ஐயாயிரம் இழைகள் இருக்கும். பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பதற்கென்றே பழகியவர்கள் உளர். விளக்கு வெளிச்சத்திலும் அவர்கள் விரல்கள் தடுமாறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு வேலை நின்றுவிடும்; வீட்டினுள் தறிக்குழியிலும் நீர் ஊறும். அம்மாதங்களில் கூலி குறைவதும் கடன் ஏறுவதும் அவ்வூருக்குப் புதிதல்ல.

பட்டு நூல் காஞ்சியில் விளைவதன்று. முசுக்கட்டை இலை தின்னும் புழுவின் கூட்டினின்று எடுத்த கச்சாப் பட்டு பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருகிறது. அதனை முறுக்கேற்றி, சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்தால், இழையின்மேலுள்ள பசை கரைந்து, எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். வாங்கிய எடை வேறு, நெய்யக் கிடைக்கும் எடை வேறு என்பதை விலை கேட்போர் பலரும் அறியார். அதன் பின்னர்ச் சாயம். சாயக்காரர், கொதிக்கும் தொட்டியின் மீது கழிகளில் நூற்கழிகளை மாட்டித் திருப்பித் திருப்பித் தோய்ப்பதைப் பார்ப்பவர், நிறம் பார்க்கும் கண் எத்தகையது என்று வியப்பர். ஒரே புடவையின் கரைக்கும் முந்தானைக்கும் வெவ்வேறு நாளில் தோய்த்த அரக்குச் சிவப்பு ஒன்றுபோலிருக்க வேண்டுமல்லவா! வேர், பட்டை, பூ முதலியவற்றால் சாயமிடும் முறை பெரும்பாலும் மறைந்து, இரசாயனச் சாயமே நிலைபெற்றுவிட்டது. அக்கழிவுநீரைத் தூய்மைப்படுத்தாது வெளியே விடுவதால் நிலத்தடி நீருக்கு நேரும் கேடு தனியே கவனிக்கப்பட வேண்டிய விஷயம்.

தறிவீட்டில் நுழைபவர் முதலில் பார்க்க வேண்டியது குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி. துளையிட்ட அட்டைகள் வரிசையாகச் சுழன்று, எந்த இழை உயரவேண்டும், எது தாழவேண்டும் என்று ஏவுகின்றன. ஜக்கார்டு வருமுன் ‘அடை’ என்னும் நூற்கட்டு முறையால் அதே வேலை நடந்தது. அன்னம், மயில், யாளி, இருதலைப் பட்சி, தாழம்பூ ரேக்கு, ருத்திராட்சம், கோபுரம் என்னும் உருவங்கள் அம்முறையிலேயே தலைமுறைகளாக நெய்யப்பட்டு வந்தன. கோயில் தூண்களைப் பார்த்துவிட்டுப் புடவைக் கரையைப் பார்ப்பவர்க்கு இவ்வுருவங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. கோடு போட்ட தாளில் உருவம் வரைந்து, அதன்படி அட்டையில் துளையிடுவோர் தனியே இருக்கின்றனர். இப்பொழுது வரைவது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்.

இத்தொழிலின் உயிர்நிலை கோர்வையில் இருக்கிறது. அதனைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

உடல் ஒரு நிறமும், இருபுறக் கரையும் வேறொரு நிறமுமாக அமைந்த புடவையைப் பாவில் மட்டும் நிறம் மாற்றி நெய்தால், உடலுக்குரிய ஊடை கரைக்குள்ளும் ஓடி, அதன் நிறத்தைக் கலக்கிவிடும். அப்படிக் கலவாமல், கரைக்குக் கரையின் ஊடையும், உடலுக்கு உடலின் ஊடையுமாக மூன்று நாடாக்களைத் தனித்தனியே விட்டு, கரையும் உடலும் சேருமிடத்தில் ஊடைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்வதே கோர்வை. நெசவாளர் ஒருவரால் மட்டும் இது ஆவதில்லை. ஒரு பக்கத்துக் கரை நாடாவை விடுவதற்கு வேறொருவர் தறியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் இருவர் கையும் ஒத்து நடக்க வேண்டும். ஒருவர் தும்மினால் மற்றவர் நிறுத்த வேண்டும். முந்தானை வேறு நிறமாயின், உடற்பாவின் இழைகளோடு முந்தானைப் பாவின் இழைகளைச் சேர்த்துக் கோத்து, பின்னர்ப் பழைய இழைகளை வெட்டி நீக்கும் ‘பெட்னி’ என்னும் வேலையும் உண்டு. முந்தானை தொடங்குமிடத்தில் விரலால் தடவினால் மெல்லிய வரம்புபோல் தட்டுப்படுவது அதன் அடையாளமே. இவ்வாறு நெய்யும் புடவை, வேலையின் கனத்தைப் பொறுத்து, பத்துப் பன்னிரண்டு நாள் முதல் ஒரு மாதம் வரை பிடிக்கும்.

அந்த இரண்டாவது கை யாருடையது? பெரும்பாலும் மனைவியுடையது. அவருக்கென்று தனிக்கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது வெளியாளை அமர்த்தினால், அவருக்குரிய கூலியை நெசவாளர் தமது கூலியிலிருந்தே கொடுக்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் இறுதி வரையில் இவ்விடத்தில் சிறுவரையும் சிறுமியரையும் உட்கார வைப்பது சாதாரணமாயிருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகக் குழந்தை தறியோரத்தில் வருஷக்கணக்கில் நாடா விட்டது என்பதை மறைப்பதில் நன்மையில்லை. 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அரசாங்கமும் பொதுநலச் சங்கங்களும் எடுத்த முயற்சியால் அக்குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். அது செய்யவேண்டிய காரியமே. ஆனால் குழந்தை எழுந்துபோன இடத்தில் தக்க கூலியுடன் ஒரு பெரியவரை அமர்த்துவது யார் செலவு என்ற கேள்விக்கு விடை சொல்லப்படவில்லை. கோர்வை நெய்யும் தறிகள் அருகி, கோர்வையில்லாத புடவைக்கு நெசவாளர் பலர் மாறியதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஜக்கார்டைத் தூக்கும் சிரமத்தைக் குறைக்க மின்விசைக் கருவி வந்திருக்கிறது. நெசவாளரின் காலுக்கும் இடுப்பிற்கும் அதனால் ஆறுதலுண்டு. கரையில் நாடா விடும் கைக்கு அது மாற்றாகாது.

பகலுணவுக்குப் பின்னர் ஜரிகையைப் பற்றிக் கேட்டறியலாம். வெள்ளிக் கம்பியை முடிபோல் மெல்லியதாக இழுத்து, தட்டையாக்கி, சிவப்புப் பட்டிழையின் மேல் சுற்றி, பொன் முலாம் பூசுவதே அசல் ஜரிகை. சூரத்து நகரம் இதற்குப் பேர்போனது. காஞ்சியிலேயே அரசாங்கத்தின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் கூட்டுறவு சங்கங்களுக்கு ஜரிகை செய்து கொடுக்கிறது. ‘மார்க்’ என்னும் கணக்கில், சுமார் 240 கிராம் கொண்டதாக இது விற்கப்படுகிறது. வெள்ளி விலை ஏறினால் புடவை விலை ஏறும்; நெசவாளர் கூலி அதோடு ஏறுவதில்லை. விலை உயர்ந்ததென்று வாங்குவோர் பின்வாங்கினாலோ, முதலில் நிற்பது அவருடைய தறிதான்.

இனிச் சங்கங்களின் வேலைக்கு வருவோம். தனிமுதலாளியிடம் நெய்பவர் நூலையும் ஜரிகையையும் அவரிடமே பெற்று, நெய்த புடவையை அவரிடமே கொடுத்துக் கூலி பெறுகிறார். கல்யாணம், காதுகுத்து, வைத்தியச் செலவு முதலியவற்றிற்கு முன்பணமும் அவரிடமே. முன்பணம் தீராதவரை வேறிடத்தில் நெய்வதற்கில்லை; கூலி போதாதென்று வாய் திறப்பதற்குமில்லை. கூட்டுறவு சங்கமும் நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்துப் புடவையை நிறுத்தே வாங்குகிறது. ஆனால் தராசும் கணக்குப் புத்தகமும் அங்கத்தினர் பொதுவில் கேட்டுப் பார்க்கக்கூடியவை, கூலி விகிதம் எழுதிவைக்கப்பட்டது, லாபத்தில் பங்குண்டு, நெசவாளர் கூலியில் ஒரு பகுதியோடு அரசாங்கமும் ஒரு பகுதி சேர்க்கும் சேமிப்புத் திட்டமும் உண்டு. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா முதலிய பெயர்களைத் தாங்கிய பட்டு நெசவாளர் சங்கங்கள் இவ்வகையின. முதலமைச்சராயிருந்த சி. என். அண்ணாதுரை 1909-இல் பிறந்தது இவ்வூர் நெசவாளர் குடும்பமொன்றிலேயே. சங்கங்களில் குறையில்லையென்பதன்று. விற்காத சரக்கு அலமாரியில் தேங்கும்போது நூல் கொடுப்பது தாமதமாகிறது. அந்த வாரங்களில் அங்கத்தினரே முதலாளியின் படியேறுகிறார்.

கூட்டுறவு இவ்வூருக்கு நேற்று வந்ததன்று. 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராம நாணய சங்கம் தோன்றியது. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவானது இந்தியாவிலேயே முதல் நகர நாணய சங்கமாகும். 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர்களுக்கெனப் பொதுச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று கிராமத்தார் அறிவது அதுவே. இன்னும் பின்னோக்கினால், பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலின் பொருள் இந்நகர்ச் சேரியாரிடம் வட்டிக்கு விடப்பட்டதையும், பட்டு நெசவாளர் குடியிருந்த சேரியாரிடம் கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பு இருந்ததையும் அது சொல்கிறது. பொதுப்பணத்திற்கு நெசவாளர் பொறுப்பேற்ற வழக்கம் அவ்வளவு பழையது.

மாலையில் கடைத்தெருவுக்குச் செல்பவர், பகலில் கண்டதைக்கொண்டு புடவையைச் சோதிக்கலாம். கரைக்குள் உடலின் நிறம் இழையோடித் தெரிந்தால் அது கோர்வையன்று. கோர்வைப் புடவையின் பின்புறத்தில், கரை சேருமிடத்தில் ஊடைகள் கோத்துத் திரும்பிய தடம் காணும். ஜரிகையின் ஒரு நுனியைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தோன்றவேண்டும். வேறு நூல் தோன்றினால் விலையைக் குறைத்துப் பேசலாம், அல்லது எழுந்துவிடலாம். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறியென்று விற்பது நெசவாளர்க்குப் பெரும் தீங்கு. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-இல் பதிவாயிற்று. பட்டுத்தானா என்பதற்குச் சில்க் மார்க் முத்திரையும், கைத்தறிதானா என்பதற்குக் கைத்தறி முத்திரையும் உண்டு. இவை இரண்டும் வெவ்வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். சில்க் மார்க் உள்ள புடவை சுத்தப் பட்டாயிருக்கும். கையால் நெய்ததென்பதற்கு அது அத்தாட்சியன்று. கேட்டுப் பெறுவோர் இல்லாவிடில் முத்திரையும் சட்டமும் ஏட்டிலேயே தங்கும்.

கிராம சங்கத்தார் குழுவாகச் செல்வதாயின், பத்துப் பேருக்கு மேற்படாமல் செல்வது நலம். தறிவீட்டின் முன்கூடத்தில் அதற்கு மேல் இடமிராது. பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் காரியதரிசிக்கு முன்கூட்டி எழுதிவிட்டால், நெசவாளர் வீடுகளுக்கு அவர்களே ஆள் கூட்டி அனுப்பக்கூடும். தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்கள் ஏற்றவை. அமாவாசையன்று பல வீடுகளில் தறி மிதிப்பதில்லையாதலால் அந்நாளைத் தவிர்க்க வேண்டும். தறியிலுள்ள புதிய உருவங்களைக் கேளாமல் படம் பிடிக்கலாகாது. அது அடுத்த வாரமே விசைத்தறிக்குப் போய்ச் சேர்ந்த அனுபவம் நெசவாளர்க்கு உண்டு. நெசவாளரோடு பேச விரும்புவோர் அவர் நாடாவை நிறுத்திக் கையைத் துடைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பேசும்போது, தறியோரத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் இரண்டு வார்த்தை கேட்கலாம்.