கட்டில், சோஃபா வீட்டுக்குள் போகுமா? வாங்கும் முன் அளந்து பாருங்க!

சிராங்கூன் சாலைக் கடையில் பார்த்த கட்டில் பிடிச்சுப்போச்சா? பணம் கட்டும் முன் அளவு நாடாவை எடுங்க.

🔸 அறை
குவீன் மெத்தை 152 x 190 செ.மீ. சட்டத்தோடு நீளம் 200 வரும்னு வைங்க. 270 செ.மீ. அறையில் எதிரே 60 செ.மீ. ஆழ அலமாரியும் போட்டால் மிச்சம் 10 செ.மீ.தான். எப்படி நடப்பீங்க? முதலில் தரையில் டேப் ஒட்டிப் பாருங்க.

🔸 வழி
அறையில் இடம் இருந்தால் மட்டும் போதாது. மின்தூக்கி, வீட்டு வாசல், அறைக் கதவு மூன்றையும் அளக்கணும். சோஃபா வழியிலேயே சிக்கலாம்.

🔸 வெளியே வைக்கலாமா?
வீவக பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடணும். அது தீப்பாதுகாப்பு விதி.

சந்தேகமா? வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தும் வகையா என்று கடையில் கேளுங்க.