தாய்மார்களின் வயதும் கதிர்ச் சிகிச்சையும்

கருப்பையில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இன்று பேசப் போகிறோம். கூச்சத்துக்குரிய பேச்சு என்று எண்ணி யாரும் வானொலியை அடைத்துவிட வேண்டாம். வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளும் கேட்க வேண்டும். அம்மாவுக்கு வைத்தியம் செய்வதா வேண்டாமா என்று முடிவு சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாமே.

தோட்டப்புறங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “அம்மாவுக்கு எழுபது வயதாகிவிட்டது. ஆபரேஷனே பெரிய காரியம். அதற்கு மேல் கதிர்ச் சிகிச்சை என்றால் உடம்பு தாங்காது.” பாசத்தால் வரும் சொல்தான். ஆனால் இந்த நோயில் மருத்துவர்கள் வயதைப் பார்க்கும் விதமே வேறு. வயது கூடியிருப்பதை, கதிர்ச் சிகிச்சை கொடுப்பதற்கான காரணங்களில் ஒன்றாக அவர்கள் எண்ணுகிறார்கள்.

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் தடித்து, விலக்கின்போது உதிர்ந்து வெளியேறுவது அதுதான். நாம் சொல்வது அந்தப் படலத்தில் உண்டாகும் புற்றுநோயை. கருப்பை வாயில் வருவது வேறு நோய். அதற்காக எடுக்கும் சோதனையை நம்பி இதை விட்டுவிட முடியாது. பருத்த உடலும் இனிப்பு நீரும் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பிறகே வருகிறது. விலக்கு நின்று பல ஆண்டுகள் கழித்து மறுபடி இரத்தம் கண்டால், ஒரு துளியானாலும் காட்டியாக வேண்டும். அப்படி இரத்தம் காணும் 10 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புற்று இருக்கும். ஆனால் இந்நோய் கண்ட 10 பேரில் 9 பேருக்கு அந்த இரத்தம்தான் அடையாளம். மருமகளிடம் சொல்ல வெட்கப்பட்டுத் துணியை மறைத்துத் துவைக்கும் மூதாட்டிகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வைத்தியம் அறுவைதான். கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததைச் சோதித்து, புற்று கருப்பையின் தசைச் சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அதன் உயிரணுக்கள் எவ்வளவு முரடானவை என்று பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் கதிர்ச் சிகிச்சை தேவையா என்ற கேள்வி. சிலர் இதைக் ‘கரண்டு வைப்பது’ என்கிறார்கள். இது மின்சாரம் அன்று. எக்ஸ்ரேயைப் போன்ற, அதைவிட வலிமை மிகுந்த கதிர். எஞ்சியிருக்கக்கூடிய நோயணுக்களை அழிப்பது அதன் வேலை.

நெதர்லாந்து நாட்டில் 1990 முதல் 1997 வரை, ஆரம்ப நிலையில் நோய் கண்டு அறுவை முடிந்த 714 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு இடுப்புப் பகுதியில் கதிர் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஐந்தாண்டுகளில் அந்தப் பகுதியிலேயே நோய் திரும்பியவர்கள், கதிர் பெற்றவர்களில் 100க்கு 4 பேர். பெறாதவர்களில் 14 பேர். யாருக்குத் திரும்புகிறது என்று ஆராய்ந்தபோது மூன்று அடையாளங்கள் கிடைத்தன: 60 வயதைத் தொட்டிருப்பது, தசைச் சுவரின் பாதிக்கு மேல் நோய் இறங்கியிருப்பது, முரட்டு வகையாக இருப்பது. இவற்றில் இரண்டு இருந்தவர்களைப் பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால், கதிர் பெறாதவர்களில் 100க்கு 23 பேருக்கு நோய் திரும்பியது. பெற்றவர்களில் 5 பேருக்கு மட்டுமே.

ஆகவே மூத்தவருக்குத்தான் இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நோய் திரும்புவதை இச்சிகிச்சை தடுத்ததே தவிர, இரு பிரிவினரும் வாழ்ந்த காலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கதிர் பெறாதவர்களில் பிறப்புறுப்பில் நோய் திரும்பிய பலரை, பிறகு அதே கதிரைக் கொண்டு குணப்படுத்த முடிந்தது இதற்கு ஒரு காரணம். இருந்தாலும், நோய் இரண்டாம் முறை வந்து அலைவது சிறிய துன்பமா?

இளையவர்கள் கதை வேறு. நார்வேயில் 1968க்கும் 1974க்கும் இடையில் சிகிச்சை பெற்ற 568 பெண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் உள்ளிருந்து கதிர் தரப்பட்டது. பாதிப்பேருக்கு வெளியிலிருந்தும் தரப்பட்டது. அப்படி வெளிக்கதிரும் பெற்றவர்களுள் 60 வயதுக்குக் குறைந்தவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. வேறு புற்றுநோய்கள் தோன்றுவதும் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அன்றைய கருவிகள் இன்றையவை அல்ல என்பது உண்மைதான். என்றாலும், கதிரின் பின்விளைவு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் இளையவர்களுக்கு முன்னால் இருக்கின்றன. ‘வயது இருக்கிறது, தாங்குவாள்’ என்று இளையவளுக்குக் கேட்டு வாங்குவதும், ‘வயதாகிவிட்டது’ என்று மூத்தவளுக்கு மறுப்பதும் இரண்டும் தலைகீழான நினைப்பு.

சரி, மூத்தவர் உடம்பு தாங்குமா? வெளிக்கதிர் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய ஐந்து வாரம். வயிற்றுப்போக்கு, சோர்வு, அடிக்கடி சிறுநீர் ஆகியவை வரக்கூடும். உள்ளிருந்து தருவது என்றால் பிறப்புறுப்பில் ஒரு குழாயை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். சில தடவைகளே போதும். நெதர்லாந்தில் 2002 முதல் 2006 வரை, பெரும்பாலும் 60 வயதைக் கடந்த 427 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பிறப்புறுப்பில் நோய் திரும்பியவர்கள் இரண்டிலும் 100க்கு 2 பேருக்கும் குறைவு. ஆனால் சிகிச்சைக் காலத்தில் குடல் உபத்திரவம் வெளிக்கதிரில் 54 பேருக்கு. உட்கதிரில் 13 பேருக்கே. 70 வயதுப் பாட்டிக்கு இந்த முறையைப் பற்றிக் கேட்காமல் வைத்தியத்தையே மறுத்துவிடுவது நியாயமன்று. நோய் மேலும் பரவியிருந்தால் மட்டும் உட்கதிர் போதாது.

மருத்துவர் பார்ப்பது அடையாள அட்டையிலுள்ள ஆண்டை மட்டுமல்ல. (தோட்டத்தில் பிறந்த மூத்தவர்கள் சிலருக்கு அந்த ஆண்டே சரியாக இராது.) தானே நடக்கிறாரா, இருதயம் எப்படி, இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான்.

கதிர் இயந்திரம் மாவட்ட மருத்துவமனைகளில் இருப்பதில்லை. புத்ராஜெயாவில் 2013இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற பெரிய இடங்களுக்குத்தான் போகவேண்டும். போய்வர வண்டிக்கும் கூடச் செல்ல ஆளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். தங்க இடமும் செலவுக்கு உதவியும் தேவைப்பட்டால், மருத்துவமனையின் சமூகநலப் பகுதியில் முதல் நாளே கேளுங்கள். மருத்துவர் பேசும்போது அம்மாவை வெளியே உட்கார வைக்காதீர்கள். அறிக்கையில் ஆழம் எவ்வளவு, வகை என்ன, உட்கதிர் போதுமா என்ற மூன்றையும் அவர் முன்னாலேயே கேளுங்கள்.