பிரிட்டனின் வரி வரலாறு – 6: பிடித்தம் செய்யக் கற்ற அரசு

பிரிட்டனில் வருமான வரி போருக்காகப் பிறந்தது. பிரான்சுடன் நடந்த போரில் கஜானா வற்றியபோது, பிரதமர் வில்லியம் பிட் 1799-இல் அதைக் கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 60 பவுண்டுக்குக் கீழ் என்றால் வரி இல்லை. 200 பவுண்டைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கு. ஒரு கோடி பவுண்டு எதிர்பார்த்தார். வந்தது ஏறக்குறைய 60 லட்சம். அவரவர் வருமானத்தை அவரவரே எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டில் அவ்வளவு வந்ததே அதிகம்.

1802-இல் அமைதி உடன்பாட்டோடு வரி நீங்கியது. மறு ஆண்டே போரோடு திரும்பியது. அப்போது பிரதமர் ஹென்றி அடிங்டன் செய்த மாற்றம் பார்வைக்குச் சிறியது. ஆனால், பிரிட்டிஷ் அரசு பெருத்ததற்குப் பிற்கால விகித உயர்வுகளைவிட அதுவே அடிப்படை. வருமானத்தை ஐந்து வகையாகப் பிரித்து, முடிந்தவரை பணம் கைமாறும் இடத்திலேயே வரியைப் பிடிக்கச் செய்தார். நிலச்சொந்தக்காரரின் வரியைக் குத்தகைதாரர் கட்டிவிட்டு, குத்தகைப் பணத்தில் கழித்துக்கொண்டார். ஒருவரின் மொத்த வருமானம் எந்த ஓர் அதிகாரிக்கும் தெரியாது என்பதால் கனவான்களின் கௌரவமும் தப்பியது. விகிதம் பிட் விதித்ததில் பாதிதான். வசூலோ பிட் காலத்து வசூலைவிடச் சற்றே குறைவு.

வாட்டர்லூ வெற்றிக்குப் பின், 1816-இல், அரசின் விருப்பத்தை மீறி நாடாளுமன்றம் 37 வாக்கு வித்தியாசத்தில் வரியை ஒழித்தது. கணக்கேடுகளையும் அழிக்க உத்தரவிட்டது. கருவூலத்தின் இன்னொரு அலுவலகத்துக்குப் போயிருந்த நகல்கள் மட்டும் பிழைத்தன.

1842-இல் பிரதமர் ராபர்ட் பீல் மூன்றே ஆண்டுகளுக்கு என்று சொல்லி மீண்டும் விதித்தார்: 150 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்தில் பவுண்டுக்கு 7 பென்ஸ். அதன்பின் அது போகவே இல்லை. சட்டப்படி ஆண்டுதோறும் காலாவதியாகும் வரியாகவே இன்றும் இருந்து, நிதிச் சட்டத்தால் புதுப்பிக்கப்படுகிறது. 1860-இல் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோதும் ஐந்தாண்டுக்கு என்றுதான் சொன்னார். பகிரங்கமாக எதிர்த்த சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் திருப்பி அழைக்கப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் செலவின் தன்மையே மாறியது. 1909 முதல் 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் கிடைத்தது. அதற்கும் போர்க்கப்பல்களுக்கும் சேர்த்துப் பணம் தேடி, பெருஞ்செல்வர்மீது நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கூடுதல் வரி போட்டார். பிரபுக்கள் சபை அந்த பட்ஜெட்டை நிராகரித்தது. 1911-இல் அச்சபையின் நிதி அதிகாரமே பறிபோனது. முதல் உலகப் போர் முடிவதற்குள் வரி பவுண்டுக்கு 6 ஷில்லிங்காகியது. 1941-இல் 10 ஷில்லிங், அதாவது சரிபாதி.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான் தொழிலாளர்களும் பெருமளவில் வரி வலைக்குள் வந்தார்கள். 1939-க்கு முன் சுமார் 40 லட்சமாக இருந்த வரி செலுத்துவோர் எண்ணிக்கை போர் முடிவில் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. முந்தைய மாதங்களின் சம்பாத்தியத்துக்கு இன்றைய கூலியில் பிடித்தால், ஓவர்டைம் நின்ற வாரத்தில் குடும்பம் திண்டாடும். 1944 ஏப்ரல் 6-இல் நடைமுறைக்கு வந்த முறை இதற்கு விடை கண்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு குறியீட்டு எண். முதலாளியின் கையில் வாரவாரியான அட்டவணை. வரி ஆண்டின் தொடக்கத்திலிருந்து அந்த வாரம் வரையிலான மொத்தக் கூலிக்குக் கணக்குப் பார்ப்பார்கள். நோயில் படுத்துக் கூலி குறைந்தால், முன்பு பிடித்ததில் ஒரு பகுதி அந்த வாரச் சம்பள உறையிலேயே திரும்பி வரும். வசூல் வேலையை முதலாளிகளே பார்த்தார்கள். இதை முன்னெடுத்த நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட், 1943-இல் திட்டம் அறிவிக்கப்படவிருந்த நாளில் இறந்துபோனார்.

1948-இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை பெரும்பாலும் பொது வரிப் பணத்தில் நடந்தது. இந்த வசூல் இயந்திரம் இல்லாமல் அது கைகூடியிருக்காது. போருக்காக ஏறும் செலவு, போர் முடிந்தபின் பழைய அளவுக்கு இறங்குவதில்லை என்று ஆலன் பீகாக், ஜாக் வைஸ்மன் ஆகிய பொருளியலாளர்கள் 1961-இல் காட்டினார்கள். சுமைக்குப் பழகிய மக்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மார்கரெட் தாட்சர் ஆட்சி 1979-இல் வருமான வரியின் உச்ச விகிதத்தை 83 சதவீதத்திலிருந்து 60 ஆகக் குறைத்தது. 1988-இல் 40 ஆக்கியது. குறைத்ததை ஈடுகட்ட, 8 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி 1979-லேயே 15 ஆக ஏறியது. அவர் ஆட்சியின் முதல் சில ஆண்டுகளில், நாட்டு வருமானத்தில் மொத்த வரியின் பங்கு கூடவே செய்தது.