நாடிழந்தோர் நாட்டிய போஜனசாலை

'பிராஸரி' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பீர் காய்ச்சும் இடம் என்பதே பொருள். நாளடைவில் அது ஒருவகைப் போஜனசாலைக்குப் பெயராயிற்று. பாரிஸ் ஜனங்கள் இன்றளவும் அதை விடாமல் போற்றுவது ஏன்? ருசி ஒன்றே காரணமென்று நாம் கருதவில்லை.

1871-ம் வருஷத்தில், யுத்தத்தில் தோல்வியுற்ற பிரான்ஸ் தேசம் அல்ஸாஸ் பிரதேசத்தை ஜெர்மனிக்குப் பறிகொடுத்தது. அந்நியக் கொடியின் கீழ் வாழ மனம் ஒப்பாத அல்ஸாஸ்வாசிகள் பலர் பாரிஸ் வந்து குடியேறினர். தங்கள் மண்ணை அவர்கள் உடன் கொண்டுவர இயலவில்லை, சமையலைக் கொண்டுவந்தனர். புளிக்கவைத்த முட்டைக்கோஸுடன் பன்றியிறைச்சி சேர்ந்த 'ஷூக்ரூத்' தலைநகரின் உணவாயிற்று. லெயோனார் லிப் என்ற அல்ஸாஸ்காரர் 1880-ல் ஸேன் ஜெர்மேன் பெருவீதியில் நிறுவிய பிராஸரி இன்றும் நடைபெறுகிறது. எழுத்தாளரும் ராஜீயவாதிகளும் அங்கே கூடி விவாதித்தது பிரசித்தம்.

மற்ற உணவு விடுதிகள் குறித்த வேளையில் மட்டுமே உணவு படைக்கும். பிராஸரியின் முறை வேறு. பகல் முழுவதும், இரவு வெகுநேரம் வரையிலும், வந்தவருக்கு அங்கே உணவுண்டு. நாடகம் பார்த்துத் திரும்புவோரும், வேலை முடிந்து களைத்து வருவோரும் ஒரே கூடத்தில் அமர்வர். அதன் கவர்ச்சியின் இரகசியம் இதுவே.

இப்பொழுது புகழ்பெற்ற பிராஸரிகள் பல பெரிய கம்பெனிகளின் வசமாகியிருக்கின்றன. பழைய நிலைக்கண்ணாடிகளையும் சித்திர ஓடுகளையும் அவை பாதுகாப்பது நன்றே. ஆயினும் விலை ஏறிச் சாதாரண மனிதன் உள்ளே நுழையத் தயங்குவானாகில், எஞ்சுவது காட்சிசாலையேயன்றிப் போஜனசாலையன்று என்பது நமது அபிப்பிராயம்.