உங்களுக்குத் தெரியுமா? ராக்கெட்டுக்கும் ஜம்போ பைக்கும் ஒரே எதிரி

● குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்று முக்கிய அடுக்குகளும் திட எரிபொருளில் ஓடுபவை. முதல் அடுக்கில் மட்டும் 87 டன் எரிபொருள். பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொரிகிறதே, அந்த நிலைமின்சாரம் இந்த எரிபொருளுக்குப் பெரிய எதிரிகளில் ஒன்று. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் லாரிகளில் போகிற ஜம்போ பைகளுக்கும் அதே எதிரிதான்.

● ஏவுதளத்துக்குக் குலசையைத் தேர்ந்ததற்கு முதல் காரணம், இங்கிருந்து தெற்கே திறந்த கடல்தான் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கே எரிபொருள் செலவாகும். சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காத செலவு.

● ஜம்போ பை என்பது பாலிப்ரொப்பிலீன் நாடாக்களால் நெய்த பெரிய சாக்கு. நான்கு மூலையிலும் தூக்குப் பட்டை. மேலே நிரப்பும் வாய், அடியில் கொட்டும் வாய். அரை டன்னிலிருந்து 2 டன் வரை பிடிக்கும். உலகச் சந்தைக்கு இந்தப் பைகளை அதிகம் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் பாலிப்ரொப்பிலீன் மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் ஏறிய மின்னேற்றம் இறங்க வழியின்றி அங்கேயே நிற்கும்.

● நிலைமின்சாரம் உண்டாக ஜெனரேட்டர் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரிந்தால் போதும். குழாயில் பாயும் தூளின் ஒவ்வொரு துகளும் குழாய்ச் சுவரைத் தொட்டுப் பிரிகிறது. பைக்குள் விழும்போது துணியைத் தொட்டுப் பிரிகிறது. ஒரு டன் தூளில் எத்தனை கோடித் துகள் என்று யோசித்துப் பாருங்கள். வேகமாகக் கொட்டக் கொட்ட மின்னேற்றமும் வேகமாகச் சேரும். நிரப்பும்போது மட்டுமல்ல, காலி செய்யும்போதும் இதுதான் நடக்கிறது. பல இடங்களில் நிரப்பும் பக்கம் காட்டுகிற கவனத்தைக் கொட்டும் பக்கம் காட்டுவதில்லை. ஆனால் திறந்த தொட்டியும் கரைப்பான் ஆவியும் இருப்பது பெரும்பாலும் கொட்டும் பக்கத்தில்தான்.

● ஒரு மில்லிஜூல் என்பது எவ்வளவு? ஒரு கிராம் எடையை 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வெளிப்படும் ஆற்றல், அவ்வளவுதான். பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்க அதில் கால் பங்கு போதும். ஹைட்ரஜனுக்கு ஐம்பதில் ஒரு பங்கே போதும். ரப்பர் செருப்போடு நடந்து 10,000 வோல்ட் ஏறிய மனித உடம்பு தரும் பொறியில் சுமார் 10 மில்லிஜூல் இருக்கும். 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பொறி பாய்ந்ததைப் பெரும்பாலும் நாம் உணர்வதே இல்லை. ‘ஷாக் அடிக்கவில்லையே, அதனால் ஒன்றுமில்லை’ என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்று இதிலிருந்தே தெரியும்.

● ஜம்போ பைகள் நான்கு வகை: ஏ, பி, சி, டி. ஐ.இ.சி. 61340-4-4 என்ற உலகத் தரநிலை இவற்றைப் பிரிக்கிறது. வெளியே பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வேலை செய்யும் விதம்தான் வேறு.

‘ஏ’ வகை வெறும் சாக்கு. எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உப்பு, கார்னெட் மணல், இல்மனைட் போன்ற எரியாத சரக்குக்கு இது போதும். சுற்றிலும் எரியும் ஆவி இல்லாமல் இருக்க வேண்டும்.

‘பி’ வகையின் துணி 6,000 வோல்ட்டுக்குமேல் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்காது, ஊடுருவ விட்டுவிடும். இதனால், துணியின் இரு பக்கமும் மின்னேற்றம் குவிந்து ஒரே அடியாகப் பாய்கிற பெரும் பொறி தவிர்க்கப்படுகிறது. அந்தப் பெரும் பொறி 1,000 மில்லிஜூல் வரைகூடப் போகக்கூடியது. ஆனால் சிறு பொறிகளை ‘பி’ தடுக்காது. எரியும் தூளுக்கு, அதுவும் எளிதில் பற்றாத தூளுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். ஆவி இருக்கும் இடத்தில் கூடவே கூடாது.

‘சி’ வகையில் துணி முழுக்க மின்கடத்தும் நூல்கள் ஒன்றோடொன்று சேர்த்து நெய்யப்பட்டிருக்கும். அவற்றை எர்த் செய்தால் மின்னேற்றம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

‘டி’ வகைக்கு எர்த் கம்பி வேண்டாம். அதன் சிறப்பு நூல்கள் மின்னேற்றத்தைப் பொறியாக விடாமல் காற்றில் சிறுகச் சிறுகக் கசிய விடும். ஆனால் பைக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர், டிராலி, டிரம் எல்லாம் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். பையிலிருந்து கசிவது அவற்றின்மேல் ஏறிவிடக்கூடாது. கிரீஸ் படிந்தாலோ ஈரக் கறை ஒட்டினாலோ ‘டி’ பையை நம்பக்கூடாது.

● நான்கு வகைகளில் மிக ஆபத்தானது எது? எந்தப் பாதுகாப்பும் இல்லாத ‘ஏ’ என்று தோன்றும். எரியும் ஆவி சூழ்ந்த இடத்தில் எர்த் மாட்டாத ‘சி’ பை அதைவிட மோசமானது. காரணம் இதுதான். சாதாரணப் பிளாஸ்டிக்மேல் ஏறிய மின்னேற்றம் நகர முடியாது. விரலை அருகே கொண்டுபோனால், விரலுக்கு எதிரே உள்ள சிறு பரப்பில் இருப்பது மட்டும் பாயும். மிச்சம் அங்கேயே நிற்கும். ‘சி’ பையில் நூல்கள் எல்லாம் ஒன்றாக இணைந்திருப்பதால் பை முழுக்கச் சேர்ந்த அத்தனையும் ஒரே பொறியில் வெளியேறும். பாதுகாப்புக்காக நெய்த அந்த நூலே ஆபத்தாகிவிடும். கூடுதல் விலை கொடுத்து ‘சி’ பை வாங்கிய கம்பெனி, கிளிப் மாட்டுகிற அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் தீயை விலைக்கு வாங்கியதாகத்தான் முடியும். ‘எர்த் மாட்டியாச்சா அண்ணாச்சி?’ என்று கேட்கிற ஒரு குரல் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும். கேட்பவர் நேற்றுச் சேர்ந்த பையனாக இருந்தாலும் மேலாளர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

● ஒரு பிளாஸ்டிக் உறை ராக்கெட்டையே கொளுத்தியிருக்கிறது. 1964 ஏப்ரல் 14 அன்று, அமெரிக்காவின் கேப் கென்னடி ஏவுதளத்தில், சூரியனை ஆராயும் செயற்கைக்கோள் ஒன்றை டெல்டா ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கோடு இணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திட எரிபொருள் கொண்ட அந்த அடுக்கு கட்டடத்துக்குள்ளேயே பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தார்கள். தூசி படாமலிருக்கப் போர்த்தியிருந்த பாலித்தீன் உறையைக் கையாண்டபோது உண்டான நிலைமின்சாரம்தான் காரணம் என்று விசாரணை சொன்னது.

● 21 ஆண்டுகள் கழித்து, 1985 ஜனவரி 11 அன்று, மேற்கு ஜெர்மனியின் ஹைல்பிரான் அருகே அமெரிக்க ராணுவ முகாமில் அதே கதை. பெர்ஷிங்-2 ஏவுகணையின் ஓர் அடுக்கை அதன் பெட்டியிலிருந்து வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். குளிரும் வறட்சியும் நிறைந்த நாள். கெவ்லார் இழையால் செய்த கூடு பெட்டியோடு உராய்ந்து மின்னேற்றம் பெற்றது, உள்ளே எரிபொருள் பற்றியது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். யாரும் பொத்தானை அழுத்தவில்லை, கம்பி எதையும் இணைக்கவுமில்லை. சரக்கை உறையிலிருந்து பிரித்தார்கள், அவ்வளவுதான்.

● திட எரிபொருள் கலக்கும் கூடத்தில் ஈரப்பதத்தோடு ஓர் ஓயாத இழுபறி உண்டு. ஈரம் கூடினால் அம்மோனியம் பெர்குளோரேட் அதை உறிஞ்சிக் கட்டிதட்டும், பிணைப்பு ரப்பர் இறுகுவதும் கெடும். ஈரம் குறைந்தாலோ நிலைமின்சாரம் தலைதூக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வரம்புக்குள் காற்றை வைத்துக்கொண்டுதான் வேலை நடக்கும். இந்த எரிபொருளுக்கான அம்மோனியம் பெர்குளோரேட்டை இஸ்ரோ கேரளத்து ஆலுவாவில் தன் சொந்த ஆலையில் தயாரிக்கிறது.

● ‘கடற்கரை ஊர், காற்றில் ஈரம் இருக்கிறது, இங்கே நிலைமின்சாரம் வராது’ என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. பருத்திச் சாக்கு ஈரத்தை உறிஞ்சி மின்னேற்றத்தை வடிய விடும். பாலிப்ரொப்பிலீன் ஈரத்தை உறிஞ்சாது. ஆலையில் சூடாக உலர்த்தி மூடிய குழாயில் வருகிற தூளுக்கு வெளியே வீசும் கடல்காற்றைப் பற்றி எதுவும் தெரியாது. போதாததற்கு, ஆனி ஆடியில் வீசுகிற கச்சான் காற்று மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு இந்தக் கரைக்கு வறட்சியாகத்தான் வந்து சேரும். குதிரைமொழித் தேரியின் செம்மணல் எழும்பிப் பறப்பதும் அந்தக் காற்றில்தான். அப்படித் துள்ளிப் பறக்கிற மணல்கூட மின்னேற்றம் பெறும்.

● சர்க்கரை வெடிக்கும். பறக்கும் நுண்தூளாக இருந்தால் போதும். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். அங்கே சூடேறிய பேரிங் ஒன்றைத்தான் விசாரணை சந்தேகித்தது; ஆனால் அதே தூளை நிலைமின் பொறியும் பற்ற வைக்கக்கூடும். குலசைக்கும் ஒரு சர்க்கரைக் கதை உண்டு. பாரி நிறுவனம் இங்கே பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்தது. கருப்பட்டியைக் கொண்டுவரத் திசையன்விளை வரை சிறிய ரயில் பாதையும் போட்டிருந்தது. 1940-இல் அந்த ரயில் நின்றுபோனது.

● கோதுமை மாவு, சோள மாவு, பால் பவுடர், கந்தகம், அலுமினியத் தூள்: இவையும் தூசிப்படலமாக எழுந்தால் வெடிக்கக்கூடியவையே.

● உலகின் முதல் நிலைமின் கருவிகளில் ஒன்று கந்தகத்தால் ஆனது. 1660-களில் ஜெர்மனியின் மக்டபர்க் நகரத்து ஓட்டோ வான் கெரிக்கே கந்தகத்தை உருக்கிப் பந்தாக வார்த்து, சுழற்றி, உள்ளங்கையால் தேய்த்தார். பந்து இறகை இழுத்தது. கந்தகம் கையாளும்போது மின்னேற்றத்தைத் தானே உண்டாக்கும், எளிதில் வடிய விடாது, ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான பொறியில் பற்றும். மூன்று குணமும் ஒரே பொருளிடம்! கந்தகத் தூளுக்குப் பை தேர்ந்தெடுப்பவர் விலைப்பட்டியலை இரண்டாவதாகப் பார்க்கட்டும்.

● பட்டாசு ஆலைக்குள் நுழையும் சிவகாசித் தொழிலாளி வாசலில் எர்த் செய்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் ஏறிய மின்னேற்றத்தை இறக்கிவைக்கத்தான் அது. பருத்தி உடுப்பை வலியுறுத்துவதும் இதற்காகத்தான். ஜம்போ பை கையாளும் இடங்களிலும் இந்தப் பழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. தகட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

● சரியான பை வாங்கியும் வேலை கெடுவது உள்ளுறையால். ஈரம் புகாமலிருக்க ‘சி’ பைக்குள் சாதாரணப் பாலித்தீன் உறையைப் போட்டால், தூளுக்கும் மின்கடத்தும் நூலுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பியதாகிவிடும். உள்ளுறைக்கும் அதே தரநிலையில் தனி வகைகள் உண்டு. எந்த வகைப் பைக்கு எந்த உறை பொருந்தும் என்பதைப் பை செய்தவரிடமே எழுத்தில் வாங்குங்கள். கொட்டி முடித்த உறையை வெடுக்கென்று உருவி எடுப்பதையும் கைவிட வேண்டும். கேப் கென்னடியில் உயிர் குடித்ததும் ஓர் உறைதான்.

● பழைய ஜம்போ பைகள் ஊர் முழுக்கச் சுற்றுகின்றன. நெல் கட்டவும் மறைப்புக்கும் அவை உதவும். ஆனால் எரியும் தூளுக்கு அவற்றைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. தூக்கி இழுத்ததில் நூல் அறுந்திருக்கலாம். வகை சொல்லும் சீட்டு கிழிந்திருக்கலாம். சீட்டு இல்லாத பையை ‘ஏ’ என்றே கொள்ள வேண்டும்.

● கடலோர ஆலைகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. உப்புக்காற்றில் எர்த் கிளிப்பின் பற்கள் துருவேறும். தூண்மேல் அடித்த பெயிண்ட் தடையாக நிற்கும். கிளிப் மாட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும், மின்சாரம் இறங்குகிறதா என்பது தெரியாது. மீட்டர் வைத்துத் தடையை அளந்தால்தான் தெரியும். பற்கள் வெறும் உலோகத்தைக் கடிக்கும்படி இடத்தைச் சுரண்டி வையுங்கள். அளந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எர்த் துண்டித்தால் தானாகவே தூள் ஓட்டத்தை நிறுத்தும் கருவிகளும் கிடைக்கின்றன. நிரப்பத் தொடங்கும் முன் மாட்டிய கிளிப்பை, தூள் ஓட்டம் முற்றிலும் நின்ற பிறகே கழற்ற வேண்டும். கொட்டும் இடத்திலும் இதே முறைதான்.